விரலில் ஒரு நிலா!

ஃப்ரெண்ட்ஸ், உங்க விரலில் ஜோசியர் சொன்ன கல் மோதிரம் ஏதாவது மின்னுதா? அப்படின்னா இந்தக் கதை உங்களுக்குத்தான்!

எனக்கு ஊர் பெண்ணாடம். படிச்சது சிதம்பரத்தில். இரண்டாம் வருஷம் மூணு பேப்பர் அரியர். விஷயம் தெரிஞ்சதும் அம்மா நேரா ஜோசியர் வீட்டுக்குப் போயிட்டாங்க. 'பையனுக்குச் சந்திரன் பலமா இல்லை. முத்து போடணும். வசதி இல்லைன்னா சந்திரகாந்தக் கல் போதும்' என்றார் அவர். கரும்பு வெட்டின கூலியில் அம்மா சேர்த்து வெச்சிருந்த 1,200 ரூபாய், வெள்ளி மோதிரமாகி என் விரலுக்கு வந்தது.

பாலில் ஒரு சொட்டு சொட்டு நீலம் விட்ட மாதிரி நிறம். பார்க்க அவ்வளவு அழகு!

அம்மாவுக்கு இந்தக் கல் மேல் தனி மரியாதை. குருப்பெயர்ச்சிக்குத் தஞ்சாவூர் பக்கத்து தென்குடித்திட்டை கோயிலுக்குப் போயிட்டு வந்தவங்க. அங்கே 24 நிமிஷத்துக்கு ஒரு முறை லிங்கத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். விமானத்தில் இருக்கும் சந்திரகாந்தக் கல்தான் காரணம்னு சொல்வாங்க. நிலா வெளிச்சம் பட்டா இந்தக் கல் நீர் கசியும்ங்கிறது ரொம்பப் பழைய நம்பிக்கை.

ஹாஸ்டலில் ஜியாலஜி படிச்ச நண்பன் ஒருத்தன் மோதிரத்தை வாங்கி, லென்ஸ் வெச்சுப் பார்த்தான். அப்புறம் டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சான். நீலமா இருந்த கல், ஆரஞ்சா தெரிஞ்சது. உள்ளே குட்டிக் குட்டிக் குமிழிகள்.

"மச்சி, இது கல்லே இல்லடா. ஓபலைட். வெறும் கண்ணாடி!"

நிஜக் கல் எப்படி இருக்கும்னு அவனே சொன்னான். அது ஃபெல்ஸ்பார் வகைக் கனிமம். பொட்டாசியம் அதிகமுள்ளதும் சோடியம் அதிகமுள்ளதும் சூட்டில் ஒண்ணா கலந்திருக்கும். மெதுவா ஆறும்போது ரெண்டும் பிரிஞ்சு, பாலாடை மேல் பாலாடை படிஞ்ச மாதிரி மெல்லிய அடுக்குகளாகும். அந்த அடுக்குகளில் வெளிச்சம் சிதறுறதுதான் அந்த நிலா ஒளி. கல்லைச் சாய்ச்சா ஒளியும் கூடவே நகரும். நம்ம காங்கேயம் பக்கமே கிடைக்கும். நீல ஒளிக்குப் பேர் போனது இலங்கையின் மீட்டியாகொட. கடைகளில் 'ரெயின்போ மூன்ஸ்டோன்' என்று விற்பது லாப்ரடோரைட் என்கிற வேற ஃபெல்ஸ்பார். இன்னொரு கூத்து... நிலவில் மனிதன் இறங்கிய நினைவா, 1970-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் மூன்ஸ்டோனைத் தன் அடையாள ரத்தினமா அறிவிச்சது. ஆனா அந்தக் கல் ஃப்ளோரிடாவிலும் கிடைக்காது, நிலாவிலும் கிடைக்கலை!

எனக்குச் சிரிப்பு வரலை. 1,200 ரூபாய்க்கு அம்மா எத்தனை நாள் வெயிலில் நின்னிருப்பாங்கன்னு மனசுக்குள் கணக்குப் போட்டேன். அன்னிக்கு ராத்திரி புத்தகத்தை எடுத்தவன்தான். அடுத்த வருஷத்துக்குள் மூணு அரியரும் க்ளியர்!

அம்மாவுக்கு ஒரே பெருமை, கல்லை நினைச்சு! நானும் உண்மையைச் சொல்லலை. அவங்க சந்தோஷத்தை ஏன் கெடுப்பானேன்?

ஆனா தம்பி ப்ளஸ் டூ வந்தப்ப, "இவனுக்கும் ஒரு மோதிரம் போட்டுடலாம்டா"ன்னு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாங்க. அதுக்கு மேல் வாயை மூடிட்டு இருக்க முடியலை. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

ரொம்ப நேரம் பேசவே இல்லை. மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க...

"அப்போ நீயா படிச்சுத்தான் பாஸானியாடா?"

அந்தக் கண்ணாடி மோதிரம் இன்னும் என் விரலில்தான் இருக்கு. சந்திரனுக்காக இல்லை, அந்தக் கூலிக்காக. உங்க மோதிரத்தையும் ஒரு தடவை வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. கல் போலியா இருக்கலாம். அதை வாங்கிக் கொடுத்தவங்க உழைப்பு நிஜம், பாஸ்!