கெபி விளக்கும் பங்குனி ஆமையும்



நன்மையென்று எண்ணிச் செய்யும் செயலும் சில வேளைகளில் பிற உயிர்க்குத் தீங்காய் முடிவதுண்டு. சோழமண்டலக் கரையிலுள்ள ஒரு மீனவப் பங்கில் நாம் பணியாற்றிய காலத்தில் இவ்வுண்மையை நமக்குக் கற்பித்தவை, உள்ளங்கையில் அடங்கும் ஆமைக் குஞ்சுகள்.

2018 ஆம் ஆண்டு, வெளிநாட்டில் பணிபுரியும் பங்கு மக்கள் சிலர் அனுப்பிய நன்கொடையைக் கொண்டு, கடலை நோக்கி நிற்கும் மாதா கெபிக்கு இரண்டு பெரிய விளக்குகள் அமைத்தோம். இரவு முழுவதும் அவை எரிந்தன. விடியுமுன் கரை திரும்பும் படகுகளுக்கு அவை அடையாளமாயின. நமக்கோ உள்ளூரப் பெருமை.

மறு ஆண்டு தை மாதத்தில் கல்லூரி மாணவர் சிலர் நம்மைக் காண வந்தனர். இரவு வேளையில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிக் காப்பது அவர்கள் தொண்டு. "ஃபாதர், எங்களோடு ஒருநாள் நடந்து பாருங்கள்" என்றனர். தட்ட மனமின்றி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர்களுடன் புறப்பட்டோம்.

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்றோம். நமது கடற்கரையை அன்றுதான் பயிலத் தொடங்கினோம். கைவிளக்கு ஏற்றாமல், அலை நனைத்த மணலில் வெறுங்காலோடு நடந்தோம். நள்ளிரவுக்குப் பின், டிராக்டர் சக்கரம் ஓடியது போன்றதொரு தடத்தை ஒரு மாணவி சுட்டிக் காட்டினாள். தடத்தின் முடிவில் தாய் ஆமை பின்துடுப்புகளால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடி, தன் உடலாலேயே தட்டிச் சமன் செய்து, திரும்பிப் பாராமல் கடலுக்குள் சென்று மறைந்தது. நாய்க்கும் மனிதருக்கும் எட்டாதவாறு மாணவர்கள் அம்முட்டைகளை எடுத்துச் சென்று, வேலியிட்ட மணற்பரப்பில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்தனர். 45 முதல் 60 நாட்களில் குஞ்சு பொரியுமாம்.

இத்தொண்டின் வரலாற்றையும் வழிநெடுகக் கூறினர். 1970களின் முற்பகுதியில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த சில இளைஞர் இந்த இரவு நடையைத் தொடங்கினர். 1988 இல் கல்லூரி மாணவர் தமக்கென ஓர் அமைப்பை நிறுவி, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கலாயினர். ஊதியம் பெறாத பிள்ளைகளின் கால்நடையே இத்தனை ஆண்டுகள் இதனைத் தாங்கி வந்துள்ளது.

விடைபெறுமுன் அம்மாணவி தயக்கத்தோடு, "ஃபாதர், கெபி விளக்கைப் பின்னிரவில் அணைக்க முடியுமா?" என்று கேட்டாள். முட்டையினின்று வெளிப்படும் குஞ்சுகள் வானொளி படிந்த கடலை நாடிச் செல்லும். கரையில் அதனினும் மிகுந்த ஒளியிருப்பின் அதன்பால் ஈர்க்கப்படும் என்று விளக்கினாள். "பார்ப்போம், பிள்ளாய்" என்று புன்னகைத்து அனுப்பி வைத்தோம். பின்னர் மறந்துவிட்டோம்.

தவக்காலத்தில் ஒருநாள் அதிகாலை, திருந்தாதி மணி அடிக்கும் முன்னரே கோயில்பிள்ளை நம் கதவைத் தட்டினார். "சாமி, கெபியண்டை வந்து பாருங்க." மாணவர் கண்ணில் படாத ஒரு கூட்டினின்று வெளிவந்த குஞ்சுகள், கடலுக்கு முதுகு காட்டி, விளக்கை நோக்கி ஊர்ந்து வந்திருந்தன. படிக்கட்டின் கீழே எறும்பு மொய்த்தும் காக்கை கொத்தியும் கிடந்தன. எண்ணிப் பார்த்தோம், அறுபத்து மூன்று. உயிரோடிருந்த நான்கை மட்டும் கோயில்பிள்ளை தம் துண்டில் ஏந்திச் சென்று அலையோரம் விட்டார். அன்று பூசையில், 'என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொண்டபோது நமக்கு நா எழவில்லை.

ஞாயிறன்று இதனை மறையாமல் அறிவித்தோம். "ஆமைக்காக மாதாவை இருட்டிலே நிறுத்துறதா, சாமி?" என்று ஒரு மூதாட்டி வருந்தினார். படகு கரைபிடிக்க அடையாளம் வேண்டாமா என்றனர் இளைஞர். முதிய மீனவர் ஒருவர் எழுந்து, "விளக்கை அணைங்க சாமி, சரிதான். ஆனா ஆமையைக் கொல்றது நாங்கதான்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க மீனையும் சேர்த்து வாரிக்கிட்டுப் போறது யாருன்னு அந்தப் பிள்ளைகளைக் கேளுங்க" என்றார்.

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. இழுவை மடியில் நெடுநேரம் சிக்குண்டால், மேலே வந்து மூச்சுவிட இயலாமல் மாண்டுபோகும். கரையோரக் கடலைச் சிறு மீனவருக்கென ஒதுக்கி 1983 ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வெல்லை காக்கப்படின் ஆமையும் பிழைக்கும்; கட்டுமரக்காரரின் உலையும் கொதிக்கும். மாணவரையும் மீனவரையும் பங்கு மனையில் ஒருங்கே அமர்த்திப் பேசினோம். எல்லையைக் காக்குமாறும், ஆமை தப்பிச் செல்லும் கம்பிச் சட்டம் பொருத்திய மடிகளைப் பரப்புமாறும் இரு சாராரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டு மாவட்ட ஆட்சியரிடம் சேர்த்தனர்.

கெபி விளக்குக்கும் வழி பிறந்தது. தை முதல் சித்திரை வரை இரவு பத்து மணிக்குப் பெரிய விளக்குகளை அணைப்பது. படகுகளுக்கு அடையாளமாக, ஆமைகளை அதிகம் ஈர்க்காத சிறு சிவப்பு விளக்கொன்றை உயரத்தில் ஏற்றுவது. மனம் வருந்திய மூதாட்டியிடம், பாஸ்காத் திருவிழிப்பையும் நாம் விளக்கணைத்துத்தானே தொடங்குகிறோம் என்றோம். அவர் சற்றே சிந்தித்து, தலையசைத்தார்.

இத்துடன் யாவும் நலமாயிற்று என்று எழுத இயலவில்லை. 2025 ஆம் ஆண்டு தை மாதத்தில் சென்னையிலும் அண்டைக் கரைகளிலும் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. செய்தி அறிந்ததும் பழைய பங்கின் கோயில்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்தோம். "பத்து மணிக்கு நானே அணைச்சிடுறேன், சாமி. நம்ம பிள்ளைகளும் இப்ப ராத்திரி நடக்கப் போறாங்க" என்றார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளை ஓரிரவேனும் அத்தகைய நடைக்கு அனுப்புங்கள். இயன்றால் நீங்களும் செல்லுங்கள். இரண்டு மைல் மணலில் நடந்த பின்னரே, நாம் ஏற்றிய விளக்கு எவரை வழிதவறச் செய்கிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது.