பாலாற்றங்கரையும் பெருங்கடலும்

எங்கள் ஆம்பூருக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் இங்குப் பதனிடப்பெறும் தோலும் தைக்கப்பெறும் காலணியும் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பா செல்வதால், கப்பலின் செலவு எங்கள் தொழிலின் செலவாகவும் ஆகின்றது.

மரக்காயர்கள் காற்றை நம்பிப் பாய் விரித்தனர். பின்னர் நிலக்கரி வந்தது; அதனையடுத்து எண்ணெய் வந்தது. இன்று மற்றுமொரு மாற்றம் தொடங்கியுள்ளது. மெத்தனாலில் இயங்கவல்ல முதல் சரக்குப் பெட்டகக் கப்பலை டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் 2023-இல் கடலில் இறக்கியது. நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் முன்னோட்ட ஆலை 2025-இல் தொடங்கப்பெற்றது.

மாற்றத்திற்கு விலையுண்டு. தன் துறைமுகங்களுக்கு வரும் பெருங்கப்பல்கள் உமிழும் கரியமில வாயுவுக்கு 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டணம் விதிக்கின்றது. அது கப்பல் வாடகையில் ஏறிச் சிறு தோல் வணிகரையும் வந்தடையும். இஃது அநீதி என்று நொந்துகொள்வோரைக் காணும்போது எனக்குப் பாலாறு நினைவுக்கு வருகின்றது. தோல் ஆலைக் கழிவுநீர் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை 1996-இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அதற்குள் கிணறுகள் பல உவர்ந்துவிட்டன. கடலுக்கேனும் அந்நெறி காலத்தே வரட்டும்.

தனித்துச் சுமக்க இயலாத செலவைச் சிறு ஆலையினர் அன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்துக் கூடிச் சுமந்தனர். இப்புதிய சுமைக்கும் அதுவே வழி. வணிகவியல் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் கப்பற் கட்டணத்தின் கணக்கைக் கற்றுத் தம் ஊர்ப் பெரியோர்க்கு எடுத்துரைப்பாராக.