கொல்லைக்கு எரு

மார்ச் 9

மன்னார்குடிக்குத் தெற்கே சம்பா அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை இறங்கியிருக்கிறது. ராமநாதபுரம் சீமையிலிருந்து வருகிற கீதாரிகள். பகலில் தரிசில் மேய்ச்சல், இரவில் வயலிலேயே பட்டி. எங்கள் காய்கறிக் கொல்லையிலும் ஓர் இரவு அடைக்க முடியுமா என்று கேட்டேன். மூத்த கீதாரி கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அடைக்கிறது பெரிசில்லம்மா. மறுநா வெயில் ஏறுறதுக்குள்ள மண்ணப் புரட்டிப் போட்டுறணும். இல்லன்னா சத்து காத்தோட போயிரும்” என்றார்.

மார்ச் 11

ராத்திரி கொல்லையில் கிடை அடைத்தார்கள். விடிந்ததும் கொத்த ஆரம்பித்தோம். கீதாரி சொன்னதில் வேதியியல் அப்படியே இருக்கிறது. மூத்திரத்திலுள்ள யூரியா சில நாட்களுக்குள் அம்மோனியாவாக மாறிவிடும். மண் மூடியிருந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலில் கிடந்தால் பறந்துவிடும். பட்டியில் மூக்கைத் துளைக்கிற நெடி, செடிக்குப் போயிருக்க வேண்டிய தழைச்சத்து. ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்பார்கள். எவ்வளவு விரைவில் பலன் தந்தாலும், இந்தப் பாத்திகளைக் கோடை முழுக்க ஆறவிடப்போகிறேன்.

ஏப்ரல் 6

மாட்டெரு தேடி அலைச்சல். உழவு டிராக்டருக்குப் போனபின் ஊரில் மாட்டுக் கொட்டகைகள் குறைந்துவிட்டன. விலை பேசுமுன் குப்பைமேட்டின் நடுவில் மண்வெட்டியை இறக்கிப் பார்த்துவிடுவேன். மேலே கறுத்திருப்பதை நம்பக் கூடாது. உள்ளே சூடு இருந்தால், வைக்கோல் வைக்கோலாகவே தெரிந்தால், அது இன்னும் எருவாகவில்லை. மக்கியது கையில் பொலபொலவென்று உதிரும். சாணி நாற்றம் போய் மண்வாசனை வரும். இன்று பார்த்த மேட்டில் பாலித்தீன் பைகள் பாதி புதைந்து கிடந்தன. வேண்டாமென்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7

பக்கத்துத் தெரு அத்தை வீட்டில் கறவை மாடுகள். சிமெண்டுத் தரை. காலையில் குழாயைப் பிடித்துக் கழுவினால் மூத்திரமெல்லாம் சாக்கடைக்கு. பார்க்க மனம் பொறுக்கவில்லை. மாடு கழிக்கிற தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியும் சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில்தான் இருக்கின்றன. மணிச்சத்து மட்டுமே சாணியோடு நிற்கிறது. எரு கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறோம், கிடைப்பதில் பாதியை இப்படி ஓடவிடுகிறோம்.

“ராத்திரி மாட்டுக்கடியில கூளத்தப் பரப்பி வைங்கத்தை, ஈரத்த அது குடிச்சுக்கும். காலைல நானே வந்து அள்ளிக்கிறேன்.”

“செய்யேன்டி, எனக்குக் கழுவுற தண்ணியாவது மிச்சம்” என்றார்.

மே 4

புங்கமர நிழலில் எருக்குழி நிரம்பிக்கொண்டு வருகிறது. மூத்திரம் ஊறிய கூளம், அதன்மேல் சாணி, அதன்மேல் கொஞ்சம் மண் என்று அடுக்கடுக்காக. மேலே கீற்று. வெயிலும் மழையும் படும்படி திறந்து கிடக்கிற குவியலில் நிறைய மிஞ்சாது.

குழியைக் கிளறும்போது கொழுத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. காண்டாமிருக வண்டின் புழுக்கள். குழியில் எருவைத் தின்று வளரும். வண்டான பிறகு தென்னங்குருத்தைக் குடையும். கொல்லையைச் சுற்றித் தென்னை இருக்கும்போது விட முடியுமா? கோழிகளைத் திறந்துவிட்டேன். மிச்சத்துக்கு மெட்டாரைசியம் பூஞ்சணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும்.

ஜூலை 20

ஆடிப்பட்டம். கத்தரி, வெண்டை, தக்காளிக்கு எக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. என் கொல்லைக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ, தாராளமான அளவுதான்.

கிடை போட்ட பாத்திகளுக்கு நாலு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில், மண்ணைத் தொடுகிற காய்க்கு மக்காத எரு போட்டால் அறுவடைக்குக் குறைந்தது 120 நாள் இடைவெளி வேண்டும். சாணியிலுள்ள நோய்க்கிருமிகளுக்காக வைத்த கெடு அது. நம் ஊரிலும் அதைக் கடைப்பிடிப்பதே நல்லது. கிடை போட்ட பாத்திகளில் இனி தக்காளி நடலாம். பச்சையாகவே சாப்பிடுகிற மல்லி, புதினா பாத்திக்கு நன்றாக மக்கிய பழைய எரு மட்டும்தான். முள்ளங்கிக்கும் அப்படியே, புது எருவில் கிழங்கு கவைகவையாகப் பிரிந்துவிடும்.