மயிலம் நிலையமும் என் தாத்தாவும்

எழும்பூர் நிலையத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். 1908ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தச் செந்நிற மாளிகைக்கு அந்தச் சிறப்புத் தகும். திண்டிவனத்திற்கும் பேரணிக்கும் நடுவில், விரைவு வண்டிகள் ஏறெடுத்தும் பாராமல் ஓடிவிடுகின்ற ஒரு சிறு நிலையத்தைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? நாள்தோறும் அங்கே ஏறி நம் கல்லூரிக்கு வருகிறவன் என்ற உரிமையில் நானே எழுதத் துணிந்தேன்.

கூட்டேரிப்பட்டு எங்கள் ஊர். பேருந்தில் வருகிறவர்களுக்கு அது மயிலம் போகத் திரும்பும் கூட்டு ரோடு. இரயிலில் வருகிறவர்களுக்கு அப்படி ஓர் ஊரே கிடையாது. பெயர்ப் பலகையில் 'மயிலம்' என்றுதான் இருக்கும். மலைமேல் முருகன் இருக்கிறான். பங்குனி உத்திரத்திற்குக் கூட்டம் திரளுகிறது. நிலையத்தின் பெயரும் அவன் ஊருக்கே போய்விட்டது. எங்களுக்கு இதில் சிறு மனக்குறை உண்டு. என்றாலும் முருகனோடு வழக்காட முடியுமா?

இந்தப் பாதை 1874இல் உருவான தென்னிந்திய இரயில்வேக்கு உரியதாக இருந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளை போயிற்று. 1951இல் எல்லாம் தென்னக இரயில்வே ஆயிற்று. இவற்றை நூலகத்தில் யாரும் படித்துக்கொள்ளலாம். நூலகத்தில் இல்லாத பகுதியை எனக்குச் சொன்னவர் என் தாத்தா.

தாத்தாவின் பிள்ளைப் பருவத்தில், 1960களில், தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மின்கம்பி இழுத்தார்கள். மீட்டர் பாதையில் 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்தில் வண்டி ஓடுவது உலகிலேயே அரிய காட்சி. அதற்கென்று ஜப்பானில் செய்த 20 இஞ்சின்கள் கப்பலேறி வந்தன. 'யாம் 1' என்பது அவற்றின் வகைப்பெயர். தாத்தாவுக்கோ அது 'சப்பான் இஞ்சின்'. மாடு மேய்க்கப் போன இடத்தில் மாட்டை மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்று, மாடு கொல்லையில் மேய்ந்து, அடி வாங்கியது வரை விரிவாகச் சொல்லுவார். "பொகையே வராது தம்பி. விழுப்புரத்துல அதக் கழட்டிட்டு வேற இஞ்சின மாட்டுவாங்க. அங்கயிருந்துதான் பொக."

1990களின் பிற்பகுதியில் இந்தப் பாதை அகலப் பாதையாயிற்று. ஆயிரம் மில்லி மீட்டர் இருந்த இடைவெளி 1,676 ஆனது. அந்த 676 மில்லி மீட்டரில் தாத்தாவின் உழைப்பும் உண்டு. ஒப்பந்தக்காரரிடம் நாள் கூலிக்குச் சேர்ந்து ஜல்லி சுமந்தார். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தார். வேலை முடிந்ததும் கூலியும் முடிந்தது. அவருக்கு ஓய்வூதியமும் கிடையாது, இலவசப் பாஸும் கிடையாது. ஆயினும் வண்டியில் போகும்போது ஓரிடத்தைக் காட்டி, "இது நான் போட்டது" என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சிறு வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும்.

சர்க்கரை நோய் வந்தபின் அவர் மாதந்தோறும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தார். போக 10 ரூபாய், வர 10 ரூபாய். 2020 மார்ச்சில் கொரோனாவால் வண்டிகள் நின்றன. பிறகு மீண்டும் ஓடியபோது பாசஞ்சர் வண்டிக்கும் விரைவு வண்டிக் கட்டணம் என்றார்கள். குறைந்த சீட்டே 30 ரூபாய். வண்டி அதே வண்டி, வேகமும் அதே வேகம். போய்வர 60 ரூபாய் ஆகுமென்று தாத்தா இரண்டு மாதத்திற்கு ஒரு முறை போகத் தொடங்கினார். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டதை எங்களிடம் சொல்லவில்லை. 2023இல் அவருடைய இடக்கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. 40 ரூபாய்க்காகத்தான் விரல் போயிற்று என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், சர்க்கரை பொல்லாதது. ஆனால் அந்தக் கணக்கு என் மனத்தை விட்டுப் போகவில்லை. நான் சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் அவரிடம் மாத்திரை எத்தனை இருக்கிறதென்று கேட்டிருக்கலாம் அல்லவா?

நண்பன் ஒருவன் ஜப்பானிய நிலையம் ஒன்றின் கதையை வியந்து சொன்னான். வட கோடியிலுள்ள ஹொக்கைடோ தீவில் கியூ ஷிரதாக்கி என்று ஒரு குக்கிராம நிலையம். வழக்கமாக ஏறி இறங்கியவள் ஒரே ஒரு பள்ளி மாணவி. அவள் பள்ளிப் படிப்பு முடிந்த 2016 மார்ச்சில் அதை மூடினார்கள். அவளுக்காகவே திறந்து வைத்திருந்தார்கள் என்று உலகமெங்கும் செய்தி பரவியது. அதில் மிகைப்படுத்தல் உண்டென்று பிறகு படித்தேன். தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் மாணவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சப்பான்லயா? அந்த இஞ்சின் அங்க இன்னும் ஓடுதா?" என்றுதான் கேட்டார்.

2024 பிப்ரவரியில் பழைய கட்டணம் திரும்பியது. அடுத்த வாரமே அவரை நான் நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். சன்னலில் அவர் மூன்று பத்து ரூபாய்த் தாள்களை நீட்டினார். இரண்டு தாள்கள் திரும்பி வந்தன. சீட்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "பத்துதான் போட்டிருக்கா, பாரு தம்பி" என்றார். பார்த்துச் சொன்னேன். வண்டி வந்ததும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறினார். பேரணியைத் தாண்டியதும் அந்த இடத்தைக் காட்டினார். இம்முறை பக்கத்தில் இருந்தவர்களுக்கு நானே சொன்னேன்.