அரைப்பேர்

பூண்டுலோயாவுக்கு வெளியே வாழ்வோர்க்கு 'அரைப்பேர்' என்னும் சொல்லை விளக்கித்தான் ஆகவேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த கிலோக் கொழுந்து நிறுவையில் ஏறினால் செக்ரோலில் முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். ஆகவே அச்சொல் தலைமுறை தலைமுறையாகத் தண்டனையின் பெயராகவே வழங்கி வருகிறது. ஒருவர் தாமே முன்வந்து அரை நாள் வேலை கேட்கலாம் என்பது நம் லயங்களில் எவருக்கும் தோன்றாத ஒன்று.

சென்ற மழைக்காலத்தில், நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார் நம் வீடு தேடி வந்தார். இருபத்தாறு ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அவருடைய தாயாரைப் பாரிசவாதம் படுக்கையில் வீழ்த்திவிட்டது. பகலில் ஒரு வாய் கஞ்சி ஊட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் ஆளில்லை. பேரை வெட்டிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாம் என எண்ணியிருந்தார். ஆயினும், பேர் போனால் காம்பராவும் போய்விடுமோ என்ற அச்சம் அவரைத் தடுத்தது.

"வேலையை விட வேண்டாம், அக்கா, பகல் நிறுவை வரைக்கும் மட்டும் வேலை தரும்படி துரைக்கு எழுதுவோம்" என்றோம்.

அவர் சிரித்துவிட்டார். "அரைப்பேரு வாங்கவா கடுதாசி எழுதப் போறீங்க, சேர்? அது தானா வருமே!"

அச்சிரிப்பில் நியாயம் இருந்தது. மகப்பேற்று நன்மைகள் பற்றிய 1939ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு இருமுறை இடைவேளை அளிக்கிறது. தோட்டந்தோறும் பிள்ளைக் காம்பராவும் உண்டு. ஆனால் கிழவிக்குக் காம்பரா ஏது? முதுமையில் படுத்தவரைப் பேணுவதற்காக வேலைநேரத்தைக் குறைத்துக் கேட்கும் உரிமையை நம் சட்டம் எவர்க்கும் தரவில்லை. ஒல்லாந்து தேசத்தில் 2000ஆம் ஆண்டுச் சட்டமொன்று அதற்கு வழிசெய்தது. இங்கிலாந்தில் 2003இல் சிறு பிள்ளைகளின் பெற்றோருக்குக் கிடைத்த அவ்விண்ணப்ப உரிமை, 2014இல் ஏனைய ஊழியர்க்கும் விரிந்தது. 2024 முதல் வேலையிற் சேர்ந்த முதல் நாளிலேயே கேட்கலாம். இங்கு நம்மவர் கேட்பது தயவு. தயவையும் எழுத்தில் கேட்பதே நன்று.

மனு எழுத உட்கார்ந்தோம். நம் மாணவர்கள் மனு எழுதினால் 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்பது நான்கு முறை வரும். வேண்டுவது இன்னதென்பது ஓரிடத்திலும் வராது. ஆகையால் காரணத்தை இரண்டே வரியில் முடித்தோம். ஆறு மாத காலம், காலை முதல் பகல் நிறுவை வரை, நாள்தோறும் தவறாத வருகை எனக் கேட்பதைத் திட்டமாகக் குறித்தோம். விடியலிலேயே மலைக்கு வரும் தேர்ந்த கையொன்றை முற்றாக இழப்பதினும் அரை நாளேனும் வைத்திருப்பது தோட்டத்துக்கு இலாபம் என்பதையும் சேர்த்தோம். கேட்பவர் தம் துன்பத்தை மட்டுமே எழுதினால், படிப்பவர் இரங்கிவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

எஞ்சியது ஒன்று, அதைத்தான் நெடுநேரம் யோசித்தோம். 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்குச் சேவை ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் உரியது. இருபத்தாறு ஆண்டுக்கு 364 நாட் சம்பளம்! கணக்கு, இறுதியாகப் பெற்ற சம்பள விகிதத்தின்மீது. அரைப்பேர் வாங்கும் காலத்தில் அவர் ஓய்வு பெற நேர்ந்தால், உழைத்த முழுநாள்களும் அரைநாள் விலைக்குப் போய்விடுமோ? 'முழுநாட் சேவைக்கு முழுநாள் விகிதத்திலேயே பணிக்கொடை கணக்கிடப்படும் என எழுத்தில் உறுதி தருக' என்று ஒரு வரி எழுதினோம்.

முதலில் வாய்மொழியாக ஒரு பதில் வந்தது: செக்ரோல் வேண்டாம், பறித்த கிலோவுக்குக் கைக்காசு வாங்கிக்கொள்ளட்டும் என்று. கேட்க இனிதாயிருந்தது, அரைப்பேரினும் கூடுதலாகவே கையில் வரும். ஆனால் அதற்குச் சேமலாப நிதி பிடிப்பதில்லை என்றார்களாம். கிலோ அளவில் தரும் சம்பளத்துக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நிதி உரியது என்பதை நாம் எடுத்துரைத்தோம். அக்காவோ சட்டம் பேசவில்லை. "பேரு செக்ரோல்ல இருக்கட்டும் சேர். பாதியா இருந்தாலும் இருக்கட்டும்" என்று மறுத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து எழுத்திலே பதில் கிடைத்தது. ஆறு மாதத்துக்கு அரைநாள் வேலை. பகல் நிறுவையோடு இறங்கலாம். பேர் செக்ரோலிலேயே இருக்கும். இப்போது நண்பகலில் கூடையோடு இறங்கி வரும் அவரைக் கண்டு, 'இன்றைக்கும் அரைப்பேரா?' என்று மற்றப் பெண்கள் இரங்குகிறார்களாம். 'கேட்டு வாங்கினது' என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

பணிக்கொடை பற்றிய வரிக்கு மட்டும் அப்பதிலில் ஒரு சொல்லும் இல்லை. அதை மாத்திரம் கேட்டு இரண்டாவது மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். தபாற் கந்தோர் தந்த சிட்டை அக்காவின் சுருக்குப்பையில் பத்திரமாக இருக்கிறது.