வால்நட்சத்திரக் கோடுகள்

‘ஸ்கேன்’ என்ற சொல் காரியாபட்டிப் பக்கம் நெடுநாள் ஒரே பொருளில்தான் வழங்கி வந்தது. கல்லடைப்பு வந்த ஆண்களை விட்டுவிட்டால், ஸ்கேனுக்குப் போவது வயிற்றுப்பிள்ளைக்காரி மட்டுமே. 2021 மே மாதத்தில் அது மாறியது. கொரோனாவின் இரண்டாம் அலையில், நெஞ்சு சி.டி. ஸ்கேனில் 25-க்கு எத்தனை என்பது பரீட்சை மதிப்பெண் போலத் தெருத்தெருவாகப் பேசப்பட்டது. (மதிப்பெண் கூடக்கூட வீடு கலங்கிய பரீட்சை அது.)

அந்த ஓர் எண்ணுக்காக நாங்கள் மதுரைக்கு வண்டி பிடித்தோம். மூச்சு வாங்குகிறவரை ஏற்றி, இறக்கி, வரிசையில் உட்காரவைத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, மறுபடி ஏற்றி. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரில் எண் வழியிலேயே இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போனோம். எங்கள் சித்தி அந்த வரிசையில் இருந்தபோதுதான் பேச்சை நிறுத்தினார், வீடு திரும்பவில்லை.

அதே மாதம் மதுரையில் வேறொரு மருத்துவமனையில் பெரியப்பாவைச் சேர்த்திருந்தோம். அங்கே ஓர் இளம் மருத்துவர் கைக்கடக்கமான மீயொலிக் கருவியைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார். முதுகில் குளிர்ந்த பசையைத் தடவியதும் பெரியப்பா, “என்னா டாக்டரம்மா, எத்தனாவது மாசம்னு சொல்லிருவீகளா?” என்றாராம். “பேசாம மூச்ச இழுத்து விடுங்கய்யா” என்று அவர் கவச உடைக்குள்ளிருந்து சிரித்தாராம். உடனிருந்த எங்கள் வீட்டுப் பையன் சொன்னது இது. அவன் அன்று திரையில் பார்த்தவற்றைப் பற்றி நாங்கள் பிற்பாடு தேடிப் படித்தோம்.

மீயொலி நீரிலும் தசையிலும் ஓடும். காற்றைத் தொட்டதும் திரும்பிவிடும். நுரையீரலோ காற்றுப்பை. ஆகவே அதை மீயொலியால் பார்க்க முடியாது என்றே பாடநூல்கள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தன. பிரெஞ்சுத் தீவிர சிகிச்சை மருத்துவரான டேனியல் லிக்டென்ஸ்டைன் 1990களில் அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டினார். அவர் படித்தது நுரையீரலின் படத்தையன்று, கருவி காட்டும் பொய்யுருவங்களை. நலமான நுரையீரலில், அதைப் போர்த்திய உறை ஒரு வெண்கோடாக மூச்சுக்கு மூச்சு வழுக்கி நகரும். அதற்குக் கீழே அதன் எதிரொலிகள் படிக்கட்டு போலக் கிடையாக விழும். காற்றறைகளின் சுவரில் நீர் கோத்துக்கொண்டால் படிக்கட்டு அழிந்து, உறையிலிருந்து திரையின் அடிவரை செங்குத்தான ஒளிக்கோடுகள் இறங்கும். மருத்துவர்கள் அவற்றை வால்நட்சத்திரத்தின் வால் என்றார்கள். வால்நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்பார்கள் நம் பெரியவர்கள். இங்கே ஒன்றிரண்டு தோன்றினால் குற்றமில்லை, கூட்டமாக வந்தால்தான் கவலை. மேலும் கூடினால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து திரையே வெளுத்துவிடும்.

வைரஸ் நிமோனியாவில் உறைக்கோடு சொரசொரப்பாகி ஆங்காங்கே அறுந்திருக்கும். வால்கள் திட்டுத்திட்டாக, நடுவில் நல்ல இடங்களை விட்டுவிட்டுத் தோன்றும். கொரோனாவின் புண்கள் பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில், முதுகுப்புறத்தில், அடியில் இருந்தது ஒரு வகையில் வசதியாயிற்று. ஓரத்தைத் தொடாத நோய் இந்தக் கருவிக்குத் தெரியாது. நெஞ்சைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிட்டால் மொத்தம் 36. காலையில் பார்த்ததை மாலையிலும் பார்க்கலாம். கதிர்வீச்சு கிடையாது. முக்கியமாக, நோயாளி எழுந்திருக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சிலேயே ரோம் நகர மருத்துவர்கள் சிலர், கவச உடைக்குள் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைப்பதைவிட உறையிட்ட இச்சிறு கருவியே மேல் என்று எழுதினார்கள்.

குறைகளும் உண்டு. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் அதே வால்கள்தான். பழைய காசநோய்த் தழும்பும் உறையைக் குலைத்துக் காட்டும். பஞ்சாலையும் பட்டாசுத் திரியும் சூழ்ந்த எங்கள் மாவட்டத்தில், நோயாளி என்ன வேலை பார்த்தவர் என்று கேட்காமல் திரையை மட்டும் படித்தால் தப்பாகப் படிக்க நேரும். சித்திக்கு இது கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் சொல்ல வரவில்லை, அது பொய்யாகிவிடும். அந்தப் பயணம் இருந்திருக்காது, அவ்வளவே.

பிறகு ஏன் இது ஊருக்கு ஊர் இல்லை என்று கேட்டால், விடையில் ஒரு பாதி எங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, 1980களில் பெண்சிசுக் கொலைச் செய்திகளால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர். ‘கருத்தம்மா’ திரைப்படம் வந்த அதே 1994-இல்தான் கருவின் பாலறிவதைத் தடுக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. சிசுவைக் கொன்ற கை கருவையே கலைக்கத் தொடங்கியிருந்த காலம். அச்சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மீயொலிக் கருவியும் பதிவாக வேண்டும். 2012-இல் வந்த விதியின்படி, தூக்கிச் செல்லும் கருவியைப் பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கோ, நடமாடும் மருத்துவப் பிரிவின் பகுதியாகவோ மட்டுமே பயன்படுத்தலாம். மருத்துவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து மூச்சைப் பார்க்க இயலாது. சில மருத்துவர்கள் இதைச் சலிப்போடு குறிப்பிடுகிறார்கள். எங்களுக்கு அந்தச் சலிப்பு இல்லை. பிறக்காமல் போன பெண்பிள்ளைகளின் பொருட்டு வந்த காவல் அது. அதைத் தளர்த்தச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆனால் விதி கட்டிலைத் தடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தாலுகா மருத்துவமனையின் உள்நோயாளிப் பிரிவில் இதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை. கருவியைப் பதிவுசெய்ய வேண்டும், கோடுகளைப் படிக்கப் பழகிய ஒருவர் இரவுப் பணியில் இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே படித்து வெளிவரும் பிள்ளைகளில் ஒருவர் காரியாபட்டிக்கு மாற்றலாகி வந்தால், பெரியப்பாவின் கேள்வியை இன்னொரு கிழவர் அவரிடம் கேட்பார்.