தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரம் வரை

கடலூர் செல்ல நேர்ந்தால், கெடிலம் கடலோடு கலக்கும் தேவனாம்பட்டினத்தைக் காணத் தவறாதீர்கள். மக்கள் இன்று காற்று வாங்க வரும் இக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனியின் பண்டகசாலை இருந்தது. துணி மூட்டைகளோடு மனிதர்களும் அக்கம்பெனிக்குச் சரக்காகவே இருந்தனர். போரும் பஞ்சமும் வாட்டிய 1659-61 ஆண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கி, இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அது ஏற்றிச் சென்றது.

அந்நாளில் கடலூர்ப் பகுதியை ஆண்ட பிஜப்பூர் அரசு இவ்வாணிபத்தைத் தடுக்கவில்லை. அடிமையை விடுவிப்பதை நல்லறமாகப் போதிக்கும் மார்க்கத்தினராகிய நாம் இவ்வுண்மையை மறைத்தல் ஆகாது.

1677இல் செஞ்சியைக் கைப்பற்றிய சிவாஜி, டச்சுக்காரருக்கு ஒரு கௌல் வழங்கினார். வாணிப உரிமைகளை வரையறுத்த அந்த ஆவணம், தாம் இந்நாட்டின் அதிபதியாக இருக்கும்வரை ஆணையோ பெண்ணையோ அடிமையாக வாங்கவும் ஏற்றவும் கூடாதென்று விலக்கியது. அவர் 1680இல் மறைந்தார். 1690களில் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்கு மீண்டும் அடிமைகள் சென்றனர். ஓர் அரசின் கையொப்பம் தந்த காவல், அவ்வரசின் ஆயுள் வரைதான் நின்றது.

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் நோக்கிச் செல்லுங்கள். வழியெங்கும் நெல்வயல்கள். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையோடு பிணைக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் உழைத்த மண் இது. 1843ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஒருவரை அடிமையென உரிமை கோரும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்பது நின்றது. ஆனால் உழைத்தவர்க்கு அச்சட்டம் நிலம் தரவில்லை.

அப்போது பிரெஞ்சுக் குடியேற்றங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கைகள், பிரிட்டிஷ் இந்தியக் குடிகளை ஒப்பந்தக் கூலிகளாகச் சேர்க்க வழிவிட்டன. புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து கப்பல்கள் ரியூனியனுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் புறப்பட்டன. ஐந்தாண்டு ஒப்பந்தம், திரும்பிவரும் உரிமை, பிரிட்டிஷ் அதிகாரியின் மேற்பார்வை எல்லாம் ஏட்டில் இருந்தன. தோட்டங்களில் நடந்த கொடுமைகள் பற்றிய முறையீடுகள் பெருகவே, 1882இல் ரியூனியனுக்கு ஆள் அனுப்புவதைப் பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. அங்கே தங்கிவிட்டவர்களின் சந்ததியினர் இன்றும் ‘மலபார்’ எனப்படுகின்றனர்.

கௌலாயினும் உடன்படிக்கையாயினும், யாருடைய வாழ்வு அதில் எழுதப்பட்டதோ அவர்களை எவரும் கேட்கவில்லை; எழுதியதைப் படிக்கும் கல்வியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் அம்மக்களின் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அவ்வூர் செல்வோர், ஓமக்குளத்தருகே உள்ள அப்பள்ளியையும் கண்டு வாருங்கள்.